கொத்தோபக்சி அடிவாரத்தில் குத்தரிசிச் சோறு

சூசையம்மா எக்குவடோருக்குப் போகப்போகிறார் என்ற செய்தி, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடிப்பதற்குள் மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அங்க எந்த மாதா?"

கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. சிட்னியில் இருக்கும் மன்னார்க் கத்தோலிக்கர் அறுபது வயதுக்குமேல் விமானம் ஏறினால் வேளாங்கண்ணிக்கு ஏறுவார், இல்லாவிட்டால் லூர்துக்கோ பாத்திமாவுக்கோ ஏறுவார். சும்மா ஒரு மலையைப் பார்த்துவிட்டு வருவதற்கு யாரும் பூமியின் மறுபக்கம் வரைக்கும் பறந்ததாக அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. சூசையம்மாவுக்குப் பொய் வராது. "மலை பார்க்கப் போறன்" என்றுதான் முதலில் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், "கீட்டோ எண்ட ஊரில, மலைக்கு மேல செட்டை வைச்ச மாதா சிலை ஒண்டு இருக்காம்" என்றார். "ஆ, அப்பிடிச் சொல்லுமன்" என்று எல்லாருடைய முகமும் தெளிந்தது. நாலு பேர் தங்களுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லிப் பெயர் எழுதிக் கொடுத்தார்கள்.

உண்மையில் அவரை இழுத்தது ஒரு கலண்டர்.

வெஸ்ட்மீட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்த் தளத்தில், ஒப்பரேசன் ஆயுதங்களைக் கழுவி, பொதிசெய்து, நீராவியில் கிருமி கொல்லும் பகுதியில், சூசையம்மா இருபத்துநான்கு வருடம் வேலை செய்தார். யன்னல் இல்லாத இடம். கத்தரிக்கோல், இடுக்கி, கொக்கி என்று எண்ணி அடுக்கிச் சுற்றி, ஆள் உயர இரும்புப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினால், நூற்றுமுப்பத்துநான்கு பாகை வெப்பத்தில் நீராவி உள்ளே போய்த் தன் வேலையைப் பார்க்கும். பக்கத்து மேசையில் பதினைந்து வருடமாக நின்றவர் மார்த்தா, எக்குவடோர்க்காரி. மார்த்தாவின் தங்கை வருடாவருடம் ஊரிலிருந்து ஒரு கலண்டர் அனுப்புவார். எந்த வருடக் கலண்டரானாலும் படம் ஒன்றுதான்: தலை நிறையப் பனி மூடிய ஓர் எரிமலை, கொத்தோபக்சி. பனி தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே பொட்டளவில் ஒரு வீடு. மலை ஏறுகிறவர்கள் தங்குகிற வீடாம். யன்னல் இல்லாத இடத்தில் அந்தக் கலண்டர்தான் யன்னல். பதினைந்து வருடம் பார்த்துப் பார்த்து, அந்தப் பொட்டு வீட்டு வாசலில் ஒருநாள் போய் நிற்கவேணும் என்ற ஆசை சூசையம்மாவுக்குள் எப்படியோ புகுந்துவிட்டது.

வேலையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஒவ்வொரு பொதிக்குள்ளும் ஒரு கடதாசிக் கீலம் வைப்பார்கள். நீராவி உள்ளே சரியாகப் போய்ச் சேர்ந்தால் கீலம் கறுக்கும். வெளியே பொதி எவ்வளவு வடிவாக இருந்தாலும், உள்ளே கீலம் கறுக்காவிட்டால் பொதி பெயில். ஒருமுறை ஒப்பரேசன் அறையிலிருந்து டொக்டரே போன் எடுத்து அவசரப்படுத்தினார். கீலம் பாதிதான் கறுத்திருந்தது. மேலதிகாரி கையைப் பிசைந்துகொண்டு, "சூசை, இது பரவாயில்லைதானே?" என்று கேட்டார். "உள்ள அவியாததுக்கு நான் சைன் வைக்கமாட்டன்" என்று சூசையம்மா பொதியைத் திரும்பப் பெட்டிக்குள் தள்ளிவிட்டார். டொக்டர் காத்திருந்தார். அன்றிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிற வேலையும் இவர் தலையில் விழுந்தது. "தண்ணி கொதிச்சால் மட்டும் காணாது பிள்ளையள், அழுத்தம் வேணும், அழுத்தம்!" என்று கையை இறுக்கிப் பிடித்துக் காட்டுவார். இந்த வசனத்தை வாசகர் மறக்காமல் வைத்திருக்கவேணும். சூசையம்மா மறந்துபோனார்.

போன வருடம் ஓய்வு பெற்றதும், மலை பார்க்கப் போவோம் என்று கணவரிடம் சொன்னார்.

கணவர் பேர்னாட் சிட்னி ரயிலில் இருபத்தாறு வருடம் கார்ட். பயணம் செய்யாத நாளே கிடையாது. எல்லாம் பென்ரித்துக்கும் சென்ட்ரலுக்கும் இடையில். நல்ல மனிதர், குடி இல்லை, கோபம் இல்லை. ஒரே ஒரு வில்லங்கம், சோறு. சாதாரணச் சோறும் அல்ல. சிவப்புக் குத்தரிசிச் சோறு, சூசையம்மா கையால், உதிரி உதிரியாக, நடுப்பகுதி மெத்தென்று இருக்கவேணும். முப்பத்தெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் ஒரு நாளும், "இண்டைக்குச் சோறு திறம்" என்று அவர் சொன்னதில்லை. குறை இருந்தால் சொல்வார், குறை இல்லாவிட்டால் பேசாமல் சாப்பிடுவார். பேசாமல் சாப்பிட்டால் அதுதான் பரிசு.

"அந்த நாட்டில சோறு இருக்கே?" என்றார் பேர்னாட்.

"மார்த்தா சொன்னவ, அவையள் மூண்டு நேரமும் சோறுதானாம்."

"என்ன சோறு? வெள்ளைப் பச்சையரிசி. அது காய்ச்சல்காரன்ர சோறு."

மெல்பேர்னில் டார்னெய்ட்டில் இருக்கும் மகன் றெக்சனை வீடியோவில் கூப்பிட்டுத்தான் சமாதானப் பேச்சு நடந்தது. கோயில் அறிவித்தல் தாளின் பின்பக்கத்தில் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஒரு நாளைக்கு ஒரு நேரம் குத்தரிசிச் சோறு. ஒருமுறை பிழைத்தால் மன்னிப்பு. இரண்டாம் முறை பிழைத்தால், எந்த இடத்தில் நின்றாலும் அடுத்த விமானத்தில் வீடு. இருவரும் கையெழுத்து வைத்தார்கள். "ஆர் யூ கைஸ் சீரியஸ்?" என்று றெக்சன் கேட்டான். அவர்கள் சீரியஸ்தான். பேர்னாட் அந்தத் தாளை நாலாக மடித்துப் பாஸ்போட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

தயாரிப்பில் ஒரு குறையும் இல்லை. நாலு கிலோ குத்தரிசி, ஒரு போத்தல் மாசிக் கருவாட்டுச் சம்பல், இரண்டு பைக்கற் மிக்சர். எக்குவடோரில் மின்சாரம் வேறு அளவு என்பதைக் கண்டுபிடித்து, இரண்டு அளவுக்கும் பொருந்துகிற சின்ன ரைஸ் குக்கர் ஒன்றை றெக்சன் வாங்கி அனுப்பினான். அந்த நாட்டுச் சுவருக்குச் சரியான பிளக்கும் அனுப்பினான். கீட்டோ இருக்கிற ஒன்பதாயிரம் அடி உயரத்தில் சோறு எப்படி அவியும் என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை, நீராவியோடு இருபத்துநான்கு வருடம் குடித்தனம் நடத்தியவர் உட்பட.

சந்தியாகோவில் மாறி, கீட்டோவில் இறங்கினார்கள். சுங்கத்தில் சூசையம்மா அரிசியை ஒளிக்காமல் எடுத்துக் காட்டினார். அதிகாரி நாலு மணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டி, இந்தக் கிழவன் கிழவியால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று முடிவெடுத்து விட்டுவிட்டார்.

வழிகாட்டியும் சாரதியும் ஒரே ஆள்தான். வில்மர் என்று பெயர், ஐம்பது வயது, நிதானமான ஆங்கிலம். வயதானவர்களை எடுத்தவுடனே உயரத்தில் வைத்திருக்கக்கூடாது என்று, நேரே கீழே இறக்கி மிண்டோ என்ற முகில் காட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே மரத்துக்கு மரம் பாசி தொங்கியது. காலையில் முகில் யன்னலுக்குள்ளால் வந்து படுக்கையில் இருந்தது. "உடுப்புக் காயாத ஊர்" என்று பேர்னாட் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஆனால் கட்டைவிரல் அளவுக் குருவி ஒன்று அவருடைய சிவப்புத் தொப்பியைப் பூவென்று நினைத்து முகத்துக்கு முன்னால் வந்து நின்றபோது, பத்து நிமிடம் அசையாமல் நின்றார். பிளாட்போமில் கதவு மூடுவதற்குக் காத்து நிற்கிறமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

சோறும் அங்கே நன்றாக அவிந்தது. பேர்னாட் பேசாமல் சாப்பிட்டார். சூசையம்மாவின் மனம் நிறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் மேலே ஏறிக் கீட்டோவுக்குப் போனார்கள். பழைய நகரத்துச் சரிவு வீதிகளில் மூச்சு வாங்க வாங்க நடந்து, தங்கமுலாம் பூசிய கோயிலைப் பார்த்து, செட்டை வைச்ச மாதாவின் காலடியில் நாலு மெழுகுதிரியும் கொளுத்தி, ஹோட்டலுக்கு வந்து குக்கரைப் போட்டார் சூசையம்மா. குக்கர் தன் கடமையை முடித்து "கிளிக்" என்றது. பேர்னாட் ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"கல்லு."

"கல்லு இல்லையப்பா, பார்த்துத்தான் கழுவினனான்."

"ஒவ்வொரு சோறும் கல்லு."

பேர்னாட் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். ஒன்று.

சூசையம்மா கடைக்காரனைத் திட்டினார், பழைய அரிசியைத் தலையில் கட்டிவிட்டான் என்று. குக்கரைத் திட்டினார். மகனைக்கூடக் கொஞ்சம் திட்டினார். சாப்பாட்டுக்கடைகளில் எந்தக் கறி கேட்டாலும் கூடவே குவியலாக வந்த வெள்ளைச் சோற்றைப் பேர்னாட் தட்டின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வைத்ததைப் பார்க்கப் பார்க்கச் சூசையம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாடே சாப்பிடுகிற சோறு இந்த மனிசனுக்கு மட்டும் தொண்டையால் இறங்காதாம். ஆனால் கையெழுத்து வைத்தாயிற்று. இனி ஒரு பிழை, ஒரேயொரு பிழை, மலை போய்விடும்.

அடுத்த நாள் தெற்கே போகும் வழியில் வானம் முழுக்க மூடிக்கிடந்தது. மலை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பல நாள் இப்படித்தான் இருக்கும், கிழமைக்கணக்கில் காத்திருந்து பார்க்காமல் போனவர்களும் உண்டு என்று வில்மர் நல்ல மனதோடு எச்சரித்தார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, முகில் இடது பக்கம் கொஞ்சம் விலகியது.

"நிப்பாட்டுங்கோ" என்றார் சூசையம்மா, தமிழில்தான். வில்மர் நிறுத்தினார்.

சூசையம்மா இறங்கி வேலியோரம் போய் நின்றார். மலை அவர் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது, கிட்டத்தில் இருந்தது, நிஜமாக இருந்தது. பனிக்குக் கீழே அந்தப் பொட்டு வீடும் இருந்தது. போனை எடுக்க ஞாபகம் வரவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கவும் ஞாபகம் வரவில்லை. சந்தோசத்தில் கடைசியாக எப்போது அழுதேன் என்று யோசித்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. பேர்னாட் வான் வண்டிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மலையைப் பார்க்கவில்லை, தன்னைத்தான் பார்க்கிறார் என்பது சூசையம்மாவுக்கு அப்போது தெரியவில்லை. இரண்டு நிமிடத்தில் முகில் திரும்ப மூடிக்கொண்டது.

தங்கும் விடுதி பதினோராயிரம் அடிக்கும் மேலே, புல்வெளி நடுவில் இருந்தது. பிற்பகலே குளிர் கடித்தது. சமையற்காரம்மா பெரிய சட்டியில் உருளைக்கிழங்குச் சூப்பை வைத்துவிட்டு, குசினியைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சூசையம்மா அறையில் குக்கரைப் போட்டார். இந்தமுறை அரிசியை இரண்டு மணித்தியாலம் ஊறவைத்திருந்தார், தண்ணீரும் அரைப் பங்கு கூட விட்டிருந்தார். மூடியைப் பார்த்துக்கொண்டு செபமாலைகூடச் சொன்னார். ஏழு மணிக்குப் பேர்னாட் சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடவேணும், அதற்குமுன் சாப்பாடு வேணும்.

அதுவரைக்கும் அவருக்கு ஏதாவது கொறிக்கக் கொடுப்போம் என்று பெட்டியைத் திறந்து மிக்சர் பைக்கற்றை எடுத்தபோதுதான் சூசையம்மா உறைந்துபோனார். பைக்கற் தலையணை மாதிரி ஊதிக்கிடந்தது. வெடிக்கிற நிலை.

இப்படி ஊதிய பைக்கற்றுகளை அவர் ஆயிரம் கண்டிருக்கிறார். ஆஸ்பத்திரி நீராவிப் பெட்டிக்குள் அழுத்தம் சடாரென்று குறைந்தால் பொதிகள் இப்படித்தான் ஊதும். ஊதினதை எடுத்து எறிவதும் அவருடைய வேலைதான். அப்படியானால் இங்கே வெளியில் காற்றின் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் நூறு பாகைக்கு முன்னமே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது. அரிசி குளித்து எழும்புமே தவிர அவியாது. கடைக்காரன்மேல் பிழையில்லை, குக்கர்மேல் பிழையில்லை, மகன்மேலும் பிழையில்லை.

"தண்ணி கொதிச்சால் மட்டும் காணாது பிள்ளையள்" என்று வாய்விட்டே சொன்னார் சூசையம்மா.

"என்ன?" என்றார் பேர்னாட்.

"ஒண்டுமில்ல. நான் ஒரு மடைச்சி."

குக்கர் "கிளிக்" என்றது. மூடியைத் திறந்தார். வெளியே சோறு வடிவாகத்தான் இருந்தது, சிவப்பாக, ஆவி பறக்க. ஒரு சோற்றை எடுத்து விரலால் நசித்தார். நடுவில் வெள்ளைப் பொட்டு. கீலம் கறுக்கவில்லை. குசினிக்கு ஓடிப் பார்க்கலாம் என்றால் குசினி பூட்டு. மணி ஏழுக்குக் கிட்ட.

தட்டில் போட்டு, சூப்பையும் மாசிச் சம்பலையும் பக்கத்தில் வைத்து, கணவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நாளைக் காலையில் மலை. இன்றைக்கு இது. ஆனால் பொய் அவருக்கு வராது.

"இஞ்சருங்கோ. இது உள்ள அவியேல்ல. இனி அவியவும் மாட்டுது. இது ரெண்டாவது தரம். கையெழுத்து வைச்ச மாதிரியே செய்வம். றெக்சனுக்குச் சொல்லி ரிக்கெற்றை மாத்துவம்."

பேர்னாட் தட்டைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நறுக், நறுக் என்று சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"ஆர் சொன்னது?" என்றார். "அவிஞ்சிட்டுது."

"எனக்குச் சத்தம் கேக்குது."

"அது என்ர கட்டுப்பல்லு."

"பல்லு இவ்வளவு நாளும் சத்தம் போடேல்ல."

"குளிருக்குப் போடுது." இன்னொரு வாய் வைத்தார். நறுக். "சோறு திறம். இன்னும் கொஞ்சம் போடு."

சூசையம்மா கரண்டியோடு அப்படியே இருந்தார். முப்பத்தெட்டு வருடத்தில் அந்தச் சொல்லை இன்றைக்குத்தான் கேட்கிறார், அதுவும் இந்தச் சோற்றுக்கு. இந்த மனிதரில் அவருக்கு எத்தனையோ முறை எரிச்சல் வந்திருக்கிறது, பரிதாபம் வந்திருக்கிறது. அன்றைக்கு வந்தது அன்பு, கலியாணமான புதிதில் வந்த மாதிரியே. டொக்டர் கேட்டும் கொடுக்காத பாஸை அந்தத் தட்டுக்குக் கொடுத்தார். இன்னும் இரண்டு கரண்டி போட்டார். பேர்னாட் அதையும் கடித்து முடித்தார்.

காலையில் வானம் கழுவித் துடைத்துவிட்டமாதிரி இருந்தது. வில்மர் வான் வண்டியை மலையின் தோளில், வாகனங்கள் நிற்கிற கடைசி இடம் வரைக்கும் கொண்டுபோனார். அங்கிருந்து நடை. பேர்னாட் விடியப்புறத்திலிருந்து வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீ போ சூசை. நான் கதவடியில நிக்கிறன். நிண்டு பழகின ஆள்தானே."

"வயிறு நோகுதோ?"

"சூப்பு ஒத்துக்கொள்ளேல்ல."

சூப்பின்மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் வானைப் பிடித்துக்கொண்டு நின்றார். சூசையம்மா சாம்பல் மண்ணில் கால் புதையப் புதைய ஏறினார். பத்து அடி நடை, ஒரு நிமிட மூச்சு, திரும்பப் பத்து அடி. வில்மர் கூடவே வந்தார், ஒருமுறையும் அவசரப்படுத்தவில்லை. ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பொட்டு வீட்டின் வாசலில் நின்று சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தார். சாதாரணச் சுவர்தான். குளிர்ந்து கிடந்தது. மார்த்தாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தார். பிறகு கீழே பார்த்தார். வாகனங்கள் பொட்டுப் பொட்டாக இருந்தன. அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்னப் பொட்டு, தொப்பி, அசையாமல் நின்றது. சூசையம்மா கையை ஆட்டினார். அவ்வளவு தூரத்தில் தெரிந்திருக்காது. ஆனாலும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக விடுதிக் குசினிக்குப் போனார். இரண்டு பேருக்கும் பொது மொழி ஒன்றும் இல்லை. அவியாத சோறு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சமையற்காரம்மா பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார், மேசைக்குக் கீழே குனிந்து நெளிந்துபோன அலுமினியப் பிரஷர் குக்கர் ஒன்றை இழுத்தெடுத்தார். இந்த மலைநாட்டில் அது இல்லாமல் யாரும் ஒரு பயறுகூட அவிக்கமாட்டார்கள் என்று வில்மர் வந்து விளக்கம் சொன்னார். சூசையம்மா தலையைக் குனிந்துகொண்டு குக்கரை வாங்கினார்.

அன்றைக்குச் சோறு பூவாக வந்தது. ஒரு சோற்றை நசித்துப் பார்த்தார். பொட்டில்லை, கல்லில்லை, உள்ளும் புறமும் ஒரே மெத்து. இருபத்துநான்கு வருட அனுபவத்தில் சொல்வதென்றால், முழுப் பாஸ். அதே கதிரையில் அதே மனிதருக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டு எதிரே இருந்தார்.

பேர்னாட் ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"கொஞ்சம் குழைஞ்சு போச்சு" என்றார்.

சூசையம்மாவுக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. அடக்க அடக்க வந்தது, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் வந்தது.

"என்ன சிரிப்பு?" என்றார் பேர்னாட்.

"ஒண்டுமில்ல" என்று சொல்லி, அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டார்.